கணினியைப் பார்த்துக்கொள்வது யார் வேலை?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. எழுதி வைத்த பாடக் குறிப்புகளைத் திறக்கப் போனவர்கள் வெற்றுத் திரையைப் பார்த்தார்கள்.

கருவிகளை யாரும் திருடவில்லை. மாணவர்கள் தவறான இணைப்பு எதையும் தட்டவுமில்லை. மாணவர் கருவிகளை நிர்வகிக்கக் கல்வி அமைச்சு ‘மொபைல் கார்டியன்’ என்ற நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்தி வந்தது. அந்த நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் யாரோ ஊடுருவினர். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பயனாளர்களும் பாதிக்கப்பட்டனர். கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லா மாணவர் கருவிகளிலிருந்தும் நீக்கியது.

இதில் ஒரு சிக்கலான கேள்வி இருக்கிறது. கருவி மாணவருடையது. அதைப் பயன்படுத்தும் விதிகள் பள்ளியுடையவை. செயலியைத் தேர்ந்தெடுத்தது அமைச்சு. அதை நடத்தியது வெளிநாட்டு நிறுவனம். அப்படியென்றால், அழிந்துபோன குறிப்புக்கு யார் பொறுப்பு?

இது பள்ளிகளுக்கு மட்டும் வரும் கேள்வி அன்று. பத்துப் பேர் வேலை செய்யும் கடை முதல் பெரிய வங்கி வரை, கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பொதுவாக மூன்று வழிகள் உண்டு. சம்பளம் கொடுத்துச் சொந்தக் குழுவை வைத்துக்கொள்ளலாம். மாதக் கட்டணம் கொடுத்து வெளிநிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அல்லது பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே கூட்டுக் குழுவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

எது சிறந்தது என்று கேட்டால், ‘எது மலிவோ அது’ என்பார்கள் சிலர். ‘சொந்த ஆள்தான் நம்பிக்கை’ என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மைதான். வேலையை யார் செய்கிறார்கள் என்பதைவிட, முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நம் ஊரில் நடந்த சில சம்பவங்களைக் கொண்டே பார்ப்போம்.

கை, கண், மூளை

தகவல் தொழில்நுட்ப ஆதரவு என்றவுடன், அச்சுப்பொறி மக்கர் செய்தால் வந்து சரிசெய்பவர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். உண்மையில் அதில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, கையின் வேலை. கணினி திறக்கவில்லை, மறைச்சொல் மறந்துவிட்டது, வைஃபை கிடைக்கவில்லை என்று வரும் அன்றாடப் பிரச்சினைகளைத் தீர்ப்பது.

இரண்டாவது, கண்ணின் வேலை. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பது, தரவுகளுக்கு நகல் எடுப்பது, நள்ளிரவில் யாராவது சந்தேகப்படும்படி உள்ளே நுழைகிறார்களா என்று கண்காணிப்பது. இது ஒழுங்காக நடக்கும்வரை யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் தெரியும்.

மூன்றாவது, மூளையின் வேலை. நம் நிறுவனத்துக்கு எந்தத் தரவு உயிர்நாடி? எல்லாம் முடங்கினால் எதை முதலில் மீட்க வேண்டும்? யார் யாரிடம் எந்தச் சாவி இருக்கலாம்? எந்த நிறுவனத்தை நம்பலாம்? இவற்றை முடிவு செய்வது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிடுவதில்தான் பல நிறுவனங்களுக்குத் தொல்லை தொடங்குகிறது.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம்

தேக்காவில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஊழியர்கள் 12 பேர், கணினிகள் எட்டு. கட்டண அட்டை இயந்திரம், சரக்குக் கணக்கு மென்பொருள், இணையவழி விற்பனை எல்லாம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. கடை நிறைய கூட்டம். அப்போது பார்த்துச் சரக்குக் கணக்கு மென்பொருள் உறைந்துபோகிறது. யாரைக் கூப்பிடுவது?

சொந்த ஊழியர் இருந்தால் நல்லதுதான். எந்தக் கணினி பழையது, எந்த ஊழியர் எங்கே தவறாகத் தட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் 24 பெருக்கல் 7, அதாவது 168 மணி நேரம் இருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், எல்லா நேரத்திலும் ஒருவர் இருக்க 168 வகுத்தல் 44, ஏறத்தாழ நான்கு பேர் தேவை. விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு ஐந்து கணினி ஊழியர்களா? கட்டுப்படியாகாது.

ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னோர் ஆபத்து. எல்லா மறைச்சொற்களும் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடையின் நினைவாற்றலும் அவருடனேயே போய்விடும்.

அதனால்தான் சிறு நிறுவனங்கள் வெளியே பார்க்கின்றன. அதில் தவறில்லை. வெளிநிறுவனத்தில் பலர் இருப்பார்கள். ஒருவருக்கு வலையமைப்பு தெரியும், இன்னொருவருக்குப் பாதுகாப்பு தெரியும். இன்று உங்கள் கடையில் வந்த கோளாறை அவர்கள் நேற்றே வேறொரு கடையில் பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘99 விழுக்காடு நேரம் இயங்கும்’ என்று எழுதியிருந்தால் அது பெரிய உத்தரவாதம்போலத் தோன்றும். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதில் 1 விழுக்காடு 87.6 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கும் மேல். அந்த மூன்றரை நாள் தீபாவளி வாரத்தில் வந்தாலும் ஒப்பந்தப்படி அது தவறில்லை! 99.9 விழுக்காடு என்றால் முடக்கம் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடமாகக் குறைகிறது. ஒரே ஓர் இலக்கம் கூடினால் முடங்கும் நேரம் பத்தில் ஒரு பங்காகிறது. கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

‘நான்கு மணி நேரத்தில் பதிலளிப்போம்’ என்ற வரியையும் கவனியுங்கள். நான்கு மணி நேரத்தில் ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பேசுவார் என்பதே அதன் பொருள். நான்கு மணி நேரத்தில் கோளாறு சரியாகும் என்று அதில் எழுதப்படவில்லை.

வெளியே கொடுத்த வங்கி

இனி, பெரிய நிறுவனங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 2002ஆம் ஆண்டில் டிபிஎஸ் வங்கி தன் கணினிக் கட்டமைப்பின் பெரும்பகுதியை நிர்வகிக்கும் பொறுப்பை ஐபிஎம் நிறுவனத்திடம் கொடுத்தது. பத்தாண்டு ஒப்பந்தம். மதிப்பு 1.2 பில்லியன் வெள்ளி. உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்றிடம் வேலையைக் கொடுத்த பிறகு கவலை ஏது என்று தோன்றலாம்.

2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி அதிகாலை 3 மணியளவில் வங்கியின் சேவைகள் முடங்கின. ஏடிஎம் இயந்திரங்களில் பணம் எடுக்க முடியவில்லை. நிலைமை சீராக ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆனது. காரணம், தரவுகளைச் சேமிக்கும் கருவி ஒன்றில் தெரிந்த ஒரு சிறிய கோளாறு. அதைப் பழுதுபார்த்தபோது சரியான செய்முறைக்குப் பதிலாகக் காலாவதியான செய்முறை பின்பற்றப்பட்டது. சிறிய பழுது பெரிய முடக்கமாகிவிட்டது.

தவறு வெளிநிறுவனத்தின் ஊழியர்கள் செய்த பழுதுபார்ப்பில் நேர்ந்தது. ஆனால் சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்டித்தது வங்கியை. ஏறக்குறைய 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கும்படியும் உத்தரவிட்டது. வேலையை வெளியே கொடுக்கலாம். பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது என்பதே ஆணையத்தின் நிலை. வாடிக்கையாளர் பணத்தைப் போட்டு வைத்திருப்பது வங்கியில்தானே!

பின்னர் ஆணையம் வங்கிகளுக்கு ஒரு விதியையும் கொண்டு வந்தது. ஒரு வங்கியின் முக்கியக் கட்டமைப்பு எதுவும் 12 மாதங்களில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. மேலே பார்த்த கணக்கின்படி, இது 99.95 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். வேலையைச் செய்வது சொந்தக் குழுவா வெளிநிறுவனமா என்பதைப் பொறுத்து இந்த வரம்பு மாறுவதில்லை.

பகிர்ந்துகொண்ட மருத்துவமனைகள்

அடுத்தது கூட்டுக் குழு. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் தனித்தனியே கணினிக் குழு வைத்துக்கொள்ளாமல், ஐஎச்ஐஎஸ் என்ற ஒரே அமைப்பிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தன. இது நல்ல யோசனை. திறமையான பாதுகாப்பு நிபுணர்கள் கிடைப்பது அரிது. ஒவ்வொரு மருத்துவமனையும் அவர்களுக்காகப் போட்டியிடுவதைவிட, எல்லாரும் சேர்ந்து ஒரு வலுவான குழுவை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நோயாளி ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தரவுகளும் எளிதாகப் போகும்.

ஆனால் 2018ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு கடுமையான சோதனைக்கு உள்ளானது. சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்தில் ஊடுருவிகள் நுழைந்து, ஜூன் 27ஆம் தேதிக்கும் ஜூலை 4ஆம் தேதிக்கும் இடையே 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களைப் பிரதி எடுத்தனர். அவர்களில் சுமார் 160,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் தேடப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண் தன் வேலையைச் செய்தது. ஜூலை 4ஆம் தேதி, தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஐஎச்ஐஎஸ் ஊழியர் ஒருவர் வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்டு அவற்றை நிறுத்தினார். அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் சில ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய நடமாட்டங்களைப் பார்த்திருந்தனர். ஆனால் பார்த்ததை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, யார் முடிவெடுப்பது என்பதில் தடுமாற்றம். முக்கியப் பொறுப்பில் இருந்த ஒருவர், மேலிடத்துக்குத் தெரிந்தால் தன் குழுவுக்கு நெருக்கடி கூடும் என்று தயங்கியதும் விசாரணையில் வெளிவந்தது. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது ஜூலை 10ஆம் தேதிதான்.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. ஐஎச்ஐஎஸ் அமைப்புக்கு 750,000 வெள்ளி. சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி. கணினி வேலையைச் செய்யாத சிங்ஹெல்த்துக்கு ஏன் அபராதம்? அங்கே பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்க வேண்டியவருக்கு நடைமுறை சரியாகத் தெரிந்திருக்கவில்லை, கூட்டுக் குழுவையே அளவுக்கு மீறி நம்பியிருந்தார், வந்த தகவலின் தீவிரமும் அவருக்குப் புரியவில்லை என்று ஆணையம் கண்டறிந்தது.

இந்தக் கண்டறிதலை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கையையும் கண்ணையும் பகிர்ந்துகொண்டது தவறில்லை. வீட்டில் மூளை விழித்திருக்கவில்லை என்பதுதான் தவறு.

சொந்தக் கையும் சறுக்கும்

‘அப்படியென்றால் எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் போதுமே’ என்று நீங்கள் கேட்கலாம். டிபிஎஸ் வங்கியும் அந்த வழியில்தான் போனது. 2009ஆம் ஆண்டளவில் அதன் தொழில்நுட்ப வேலைகளில் சுமார் 85 விழுக்காடு வெளியாரிடம் இருந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அது தலைகீழானது. ஏறத்தாழ 85 விழுக்காட்டை வங்கியின் சொந்தப் பொறியாளர்களே செய்யத் தொடங்கினர். அந்த மாற்றத்துக்காக வங்கி உலக அளவில் பாராட்டும் பெற்றது.

ஆனாலும் 2023ஆம் ஆண்டில் மார்ச் 29, மே 5, அக்டோபர் 14 எனப் பல முறை சேவைகள் தடைபட்டன. அக்டோபரில் நடந்தது நல்ல பாடம். வங்கி பயன்படுத்திய தரவு நிலையம் ஒன்று வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கே மேம்பாட்டுப் பணியின்போது ஒரு குத்தகையாளர் தவறான சமிக்ஞையை அனுப்ப, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின் அடைப்பான்கள் மூடிக்கொண்டன. கணினிகள் இடைவிடாமல் வெப்பத்தை வெளியிடும். குளிர்நீர் நின்றதும் அறையின் வெப்பநிலை ஏறியது. அதே நிலையத்தைப் பயன்படுத்திய சிட்டிபேங்கும் பாதிக்கப்பட்டது. இரு வங்கிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 2.5 மில்லியன் கட்டணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போயின.

இதுபோன்ற நேரத்துக்கென்றே இரு வங்கிகளும் மாற்றுத் தரவு நிலையங்களை வைத்திருந்தன. ஆனால் அங்கு முழுமையாக மாறுவதிலும் சிக்கல். டிபிஎஸ் வங்கிக்கு வலையமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. சிட்டிபேங்கிற்கு இணைப்புக் கோளாறு. நவம்பர் 1 முதல் ஆறு மாதங்களுக்கு, அவசியமில்லாத தொழில்நுட்ப மாற்றங்களைச் செய்யக்கூடாது என்று நாணய ஆணையம் டிபிஎஸ் வங்கிக்கு உத்தரவிட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. முதலாவது, ‘முழுக்க முழுக்கச் சொந்தம்’ என்று எதுவும் இல்லை. மென்பொருள் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது, மின்சாரம் மற்றொருவருடையது. இரண்டாவது, மாற்று ஏற்பாடு வைத்திருப்பது மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடத்துவது எதற்காக? படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முறை இறங்கிப் பார்த்தால்தான் பூட்டிக் கிடக்கும் கதவு கண்ணில் படும்.

மூன்றும் சறுக்கினால் எது மேல்?

வெளிநிறுவனம், கூட்டுக் குழு, சொந்தக் குழு மூன்றும் சறுக்கியிருக்கின்றன. அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்று பொருந்தும்.

கையை வாடகைக்கு எடுக்கலாம். அச்சுப்பொறியைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் பலர். ஒருவர் சரியில்லையென்றால் இன்னொருவரிடம் போகலாம்.

கண்ணைப் பகிர்ந்துகொள்ளலாம். இரவு முழுவதும் விழித்திருந்து கண்காணிப்பதற்கு ஒரு கடை தனியாக ஐந்து பேரை வைத்துக்கொள்ள முடியாது. ஐம்பது கடைகள் சேர்ந்தால் முடியும். பல இடங்களைப் பார்க்கும் கண்ணுக்கு அனுபவமும் அதிகம். ஒரு கடையில் நடந்த தாக்குதலைப் பார்த்தவுடன் மற்ற 49 கடைகளையும் எச்சரிக்கலாம்.

மூளை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். உங்கள் கடைக்கு எது உயிர்நாடி என்பது வெளியாருக்குத் தெரியாது. தேக்கா கடையில் ஒரு வாரத்துக்கு மின்னஞ்சல் இல்லாமல் சமாளித்துவிடலாம். ஆனால் யார் எவ்வளவு கடன் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒரு நாள் காணாமல் போனாலும் வியாபாரம் தள்ளாடும். இதைக் கடைக்காரர்தான் சொல்ல முடியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ‘சிறிய கடை மூளைக்கு எங்கே போகும்? படித்த பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா?’ நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லும் மூளை பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கடையின் கணக்காளராக இருக்கலாம். முதலாளியின் மகளாக இருக்கலாம். நிபுணரின் ஆலோசனை தேவைப்படும்போது அதைக் கட்டணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆலோசனையைக் கேட்டு முடிவெடுப்பவர் உள்ளே இருந்தால் போதும். அவருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். நான்கு கேள்விகளைக் கேட்கவும், வரும் பதிலைப் புரிந்துகொள்ளவும், அதை எழுதி வைக்கவும் தெரிந்தால் சரி.

கேள்வி ஒன்று: சாவி யாரிடம்? இணையத்தள முகவரி, மின்னஞ்சல் கணக்கு, நிர்வாகி மறைச்சொல் ஆகியவை யார் பெயரில் பதிவாகியுள்ளன? வெளிநிறுவனத்தின் பெயரில் இருந்தால், அந்த நிறுவனம் மூடப்படும் நாளில் நம் கடைக்கும் பூட்டு விழும்.

கேள்வி இரண்டு: நகல் எங்கே? ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்ற எளிய விதி ஒன்று உண்டு. தரவு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்; அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். கூடவே, அந்த நகலிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம் என்றும் கேட்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், ஊதிப் பார்க்காமல் வாங்கிய நாதஸ்வரம் மாதிரி. கச்சேரி அன்றுதான் குட்டு வெளிப்படும்.

கேள்வி மூன்று: இரவு 9 மணிக்கு யார் வருவார்? தொலைபேசியை எடுப்பவர் வேறு, சரிசெய்பவர் வேறு. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எது?

கேள்வி நான்கு: பிரிய வேண்டுமென்றால் எப்படிப் பிரிவது? நம் தரவுகளை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. பிணக்கு வந்த பிறகு கேட்டால் நல்ல பதில் கிடைக்காது.

இந்த நான்குக்கும் பதில் சொல்லக்கூடிய ஒருவர் உள்ளே இருந்தால், மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடை தாக்குப் பிடிக்கும். அப்படி ஒருவர் இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த ஒப்பந்தமும் வெறும் காகிதம்தான்.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

மாணவர்களே, இது முதலாளிகளின் தலைவலி என்று தள்ளிவிட வேண்டாம். உங்களில் பலர் பிற்காலத்தில் இந்தக் குழுக்களில் ஒன்றில்தான் வேலை பார்ப்பீர்கள். மலேசியாவில் பன்னாட்டு நிறுவனங்கள் சில தங்கள் கிளைகளுக்காகப் பெரிய கணினிச் சேவை நிலையங்களை நடத்துகின்றன. நம் வட்டாரத்தின் வேலைச் சந்தையில் இது கணிசமான பகுதி. அந்த வேலைகளில் கைத்திறனுக்கு மதிப்பு உண்டு. பார்த்ததைத் தயங்காமல் உரியவரிடம் சொல்லும் துணிச்சலுக்கு அதைவிட மதிப்பு அதிகம். சிங்ஹெல்த் சம்பவத்தில் குறைந்திருந்தது அதுதான்.

இன்றைக்கே செய்யக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது ஒட்டுக்கடையோ துணிக்கடையோ உணவகமோ நடத்துகிறார்களா? துணைப்பாட வகுப்பு நடத்தும் அக்கா, பூக்கடை வைத்திருக்கும் மாமா இருக்கிறார்களா? மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். ‘தெரியாது’ என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். அந்தத் தாளைப் பணப்பெட்டியில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். மறைச்சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். அவை யாரிடம் இருக்கின்றன என்பதை எழுதினால் போதும்.

உங்கள் சொந்தக் கருவிக்கும் இது பொருந்தும். பள்ளியும் அமைச்சும் செயலி நிறுவனமும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும், செய்யத் தவறினால் கேள்வி கேட்கவும் வேண்டும். ஆனால் உங்கள் குறிப்புகளில் எவை முக்கியமானவை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவற்றின் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? இந்த வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.